சிந்தோக் திரும்பும் தம்பிக்கு

தம்பி,

மறுபடி சிந்தோக் பல்கலைக்கழகத்துக்கே படிக்கப் போகிறேன் என்று நேற்று சொன்னாய். சந்தோஷம். ஏன் ஒரு செமஸ்டரை ஒத்திப்போட்டாய் என்பதை இங்கே எழுத மாட்டேன். நம் ஊர் சுங்கை சிப்புட்டில் பாதிப் பேர் இதைப் படிப்பார்கள், மீதிப் பேருக்கு அவர்களே சொல்லிவிடுவார்கள்.

முதலில் பணம். ஒத்திப்போட்டுவிட்டுத் திரும்புகிறவனுக்கு பிடிபிடிஎன், அதுதான் அரசாங்கப் படிப்புக் கடன், தானாக வந்து விழாது. மறுபடி சேர்ந்ததற்கான கடிதத்தைப் பல்கலைக்கழகத்தில் வாங்கி, கடனைத் தொடரச் சொல்லிக் கேள். முடித்த செமஸ்டரின் முடிவைப் பல்கலைக்கழகம் ஏற்றினால்தான் அடுத்த தவணை நகரும். சி.ஜி.பி.ஏ., பாயிண்டர் என்கிறோமே அந்த மொத்த மதிப்பெண் சராசரி, 2.00-க்குக் கீழே போனால் நின்றுவிடும். வந்தாலும் கட்டணம் கழிந்த மிச்சம்தான் உன் கையில். அந்த மிச்சத்தை நம்பி முதல் வாரமே போன் மாற்றுகிறவர்கள்தான் ஆறாவது வாரம் மெகி தின்கிறார்கள். உன்னைச் சொல்லவில்லை. சரி, உன்னையும்தான்.

மிச்சத்தை 14-ஆல் வகுக்காதே. விரிவுரைதான் 14 வாரம். நடுவில் விடுமுறை, படிப்பு வாரம், தேர்வு எல்லாம் சேர்ந்தால் 18-ஐத் தொடும். 18-ஆல் வகு. பஸ், ரயில் காசை அதற்கு முன்பே தனியாக எடுத்து வை. தீபாவளிக்கு ஊர் திரும்பும் டிக்கெட்டைக் கடைசி வாரத்தில் தேடினால் கிடைக்காது.

தீபாவளிக்கு நீ வந்த இரவு இருக்கிறதே. பையைக்கூட இறக்காமல் அடுப்பங்கரைக்குப் போய், மத்தியானம் மிஞ்சிய சோற்றில் ரசத்தை ஊற்றி நின்றுகொண்டே தின்றாய். சட்டியை வழித்தாய். கையைத் தூக்கும்போதெல்லாம் வாட்ச் முழங்கைப் பக்கம் சரிந்தது. நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அம்மா பேசாமல் இன்னொரு கரண்டி போட்டாள். நான் கேட்டது, பாயிண்டர் எவ்வளவு என்று.

மன்னித்துக்கொள். ஆனால் நீயும் வாயைத் திறக்கவில்லையே. அப்பாவின் இ.பி.எஃப். சேமநிதியில் செஜாத்தெரா கணக்கிலிருந்து பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் எடுக்க வழியிருக்கிறது. கேட்டிருந்தால் பாரத்தை நானே நிரப்பியிருப்பேன். செம்பனைக் குலை வெட்டிச் சேர்த்த காசைத் தொட உனக்குக் கூச்சம் என்றால், அதே காசில் படிக்கப் போனவன் பட்டினி கிடந்ததை நாங்கள் எப்படித் தாங்குவது? எனக்கெல்லாம் இரண்டாவது வாய்ப்பு யாரும் தரவில்லை. போகட்டும்.

அடுத்தது வருகைப் பதிவு. 80 சதவீதம் வேண்டும். வாரம் ஒரே வகுப்புள்ள பாடத்தில் 14-க்கு மூன்று போனால் 78.57 ஆகிவிடும், இறுதித் தேர்வு எழுத விடமாட்டார்கள். இரண்டோடு நிறுத்து. காய்ச்சல் என்றால் கிளினிக்கில் எம்.சி., அதாவது மருத்துவச் சான்று, வாங்கி அன்றைக்கே விரிவுரையாளருக்கு அனுப்பு. தேர்வு வாரத்தில் மொத்தமாகக் கொடுத்தால் எடுபடாது. பாடம் கூட்டவும் குறைக்கவும் முதல் சில வாரங்கள்தான் வாசல் திறந்திருக்கும். பளு அதிகமென்றால் அப்போதே ஒன்றைக் கழற்று. தோற்றபின் பாயிண்டரைத் தூக்குவது அதைவிடக் கஷ்டம். மனசு சரியில்லை என்றால் மாணவர் ஆலோசகரைப் பார்; காசு கேட்க மாட்டார்கள், ஊருக்கும் சொல்ல மாட்டார்கள்.

முதல் வகுப்பில் தேறி, மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால் கடனைத் திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்குக் கேட்கலாம். நல்ல விஷயம்தான், ஆனால் அதை நம்பி இப்போதே செலவு பண்ணாதே.

மறுபடி சேர்ந்த கடிதம் கைக்கு வந்ததும் படமெடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் போடு. அம்மாவுக்கு வேண்டாம், கோயில் வரைக்கும் காட்டிவிடுவாள்.

அக்கா