இரண்டு டிக்கெட்

கண்ணு,

போனில் பேச ஆரம்பித்தால் "சரிப்பா, ஆபீஸ் கால் வருது, வச்சிடறேன்" என்கிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

தசரா லீவில் பையனைப் பிடதியில் இருக்கிற வொண்டர்லா பார்க்குக்குக் கூட்டிப் போகிறேன் என்றாய். ரொம்ப சந்தோஷம். இரண்டு டிக்கெட் போட்டாச்சு என்றும் சொன்னாய். பையனைச் சேர்த்து இரண்டா, சேர்க்காமல் இரண்டா என்று அம்மா ராத்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். அங்கே வயதைப் பார்ப்பதில்லை, உயரம்தான் கணக்கு. 85 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் இலவசம், அதிலிருந்து 140 வரை சின்னவர் டிக்கெட், அதற்கு மேல் பெரியவர். மே மாதம் பூஜை ரூம் கதவு நிலையில் கோடு போட்டபோது நம் பையன் 127 இருந்தான். அவனுக்கு ஒரு டிக்கெட் கட்டாயம் வேண்டும். அப்படியென்றால் பெரியவர் ஒருவர்தான் ஆகிறது. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லையா? இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, இன்னொன்று போட்டுக்கொள்ளலாம்.

போன வருஷம் நம் தெருக்காரர்களோடு வேனில் போய் வந்தேன் அல்லவா, அதை வைத்துச் சொல்கிறேன். லீவு நாளில், அதுவும் சனி ஞாயிறில் போகவே போகாதே. டிக்கெட்டும் விலை கூட, கூட்டமும் தாங்காது. செவ்வாய், புதன் பார்த்துப் போ. தசரா என்றால் பெங்களூரில் பாதிப் பேர் மைசூர் ரோட்டில்தான் இருப்பார்கள். பிடதி 30 கிலோமீட்டர்தானே என்று மெத்தனமாக இருக்காதே. கேட் 11 மணிக்குத்தான் திறப்பார்கள், ஆனால் நீ பத்தரைக்கே அங்கே நிற்க வேண்டும். உள்ளே போனதும் கண்ணில் படுகிற முதல் ராட்டினத்திலேயே ஜனங்கள் வரிசை கட்டுவார்கள். நீ அங்கே நிற்காமல் உள்ளே தள்ளிப் போய்விடு. தண்ணீர்ப் பக்கம் மதியத்தை ஒட்டித்தான் திறப்பார்கள், சாயங்காலம் சீக்கிரம் மூடியும்விடுவார்கள். அதனால் முதலில் ராட்டினம், வெயில் ஏறினதும் தண்ணீர். ஃபாஸ்ட்ராக் என்று கூடுதல் காசுக்கு ஒரு டிக்கெட் இருக்கிறது, வரிசையில் முன்னால் விடுவார்கள். பெரிய ராட்டினங்களில் 140 இல்லாதவனை ஏற்ற மாட்டார்கள். அதனால் அவனுக்காக அந்தக் காசைக் கொடுக்காதே.

தண்ணீரில் இறங்க நைலான், பாலியஸ்டர் துணிதான் வேண்டும். சுடிதாரோடு விடமாட்டார்கள். அங்கே கடையில் வாங்கினால் விலை. வீட்டிலிருந்தே எடுத்துப் போ, மாற்றுத் துணி இரண்டு செட் வை. வெளிச் சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள். எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போய் வேனிலேயே விட்டுவிட்டு வந்தோம், ஞாபகம் வைத்துக்கொள். லாக்கர் இருக்கிறது. ஆனாலும் பையன் தண்ணீரில் நிற்கும்போது ஒருவர் அவனோடு இறங்க வேண்டும், ஒருவர் கரையிலிருந்து பார்க்க வேண்டும். அலைக்குளத்தில் அலை விடும்போது பிள்ளைகள் தலை ஒன்றுபோலத் தெரியும். அதற்குத்தான் பெரியவர்கள் இரண்டு பேர் வேண்டும் என்கிறேன். வேறொன்றும் இல்லை.

உன் போன் நம்பர் அவனுக்கு மனப்பாடமா? அவன் அப்பா நம்பர் தெரியுமா?

நீ தனியாகச் சமாளிப்பாய் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அந்த டிராஃபிக்கில் வண்டி ஓட்டுகிறாய், இருபது பேருக்கு வேலை சொல்கிறாய். கேட்கிறவர்களிடம் எல்லாம் நான் அதைத்தான் சொல்கிறேன். ஆனால் ஆடி 18க்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரவில்லை. அம்மா மூன்று பேருக்கு இலை அறுத்து வைத்திருந்தாள். வர முடியவில்லை என்று ஒரு போன் போட்டிருக்கலாம். சரி, அது போகட்டும்.

இன்னொன்று, முக்கியமாக எழுத நினைத்தது. எந்த ராட்டினத்திலாவது பையன் பயந்தால் ஏற்றாதே. வரிசையில் ஒரு மணி நேரம் நின்றிருந்தாலும் சரி. பெல்ட் மாட்டின பிறகு வேண்டாம் என்றாலும் சரி. கையைத் தூக்கினால் அங்கே நிற்கிற பையன்கள் இறக்கிவிடுவார்கள். காசு போனால் போகிறது.

1997இல் ஆபீஸ் டூரில் மெட்ராஸ் வி.ஜி.பி. பார்க்குக்குப் போனோமே. சிலை மாதிரி அசையாமல் நிற்பாரே, அந்தச் சிலை மனிதர் முன்னால் நின்று நீ கண் சிமிட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாய், எல்லாரும் அவரைச் சிரிக்க வைக்கப் பார்த்தார்கள், உனக்கு மட்டும் அவருக்குக் கால் வலிக்குமே என்று கவலை. அதற்கப்புறம்தான் கொலம்பஸ். அந்தக் கப்பலில் ஏறி உட்கார்ந்ததும் இறங்க வேண்டும் என்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டாய். ஒன்பது வயது உனக்கு. "பாப்பா அழுது சார், இறக்கிடவா?" என்று அந்த ஆள்கூடக் கேட்டான். பின் வரிசையில் எங்கள் சூப்பிரண்டு உட்கார்ந்திருந்தார். நான், "காசு கொடுத்தாச்சு, ஏறியாச்சு, பேசாம உட்காரு" என்றேன். இறங்கினதும் வாந்தி எடுத்தாய். அதற்கும் திட்டினேன். உளுந்தூர்பேட்டை தாண்டும்வரை நீ ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன ஆச்சு என்று கேட்டதற்கு, "ஒண்ணுமில்லப்பா" என்றாய். அன்றைக்கு ஆரம்பித்தது அந்த ஒண்ணுமில்லப்பா. போன வாரம் போனில் கேட்டபோதும் அதேதான்.

அது மட்டும் என்றால் எழுதியிருக்க மாட்டேன். கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் மாடிப்படியில் என்னை நிறுத்தி, "அப்பா, எனக்கு என்னமோ மாதிரி இருக்கு" என்றாய். மண்டபத்துக்குக் கட்டியாச்சு, பத்திரிகை எல்லாருக்கும் வைத்தாச்சு என்றேன். அன்றைக்கு வி.ஜி.பி.யில் பேசின அதே குரலில்தான் பேசினேன் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. என்ன மாதிரி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும், கண்ணு. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்க வேண்டும். அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். அது என் தப்பு. அம்மாவுக்கு இது தெரியாது. தூக்கம் வராத ராத்திரிகளில் நினைத்துக்கொண்டே படுத்திருக்கிறேன்.

நீ எதுவும் சொல்ல வேண்டும் என்று இதை எழுதவில்லை. நானும் வருகிறேன். எனக்கும் ஒரு டிக்கெட் போடு, 60 தாண்டியவர்களுக்குச் சலுகை இருக்கிறது, பார்த்துப் போடு. முந்தின நாளே வந்து உங்கள் வீட்டில் தங்கவா, இல்லை அதிகாலை பஸ்ஸில் வந்து மெட்ரோ ஏறி நேராக செல்லகட்டா ஸ்டேஷனில் நிற்கவா, உனக்கு எது சௌகரியமோ அப்படி. பிடதியில் தட்டு இட்லி சாப்பிட்டுவிட்டு உள்ளே போகலாம். நீ அவனோடு தண்ணீரில் இறங்கு, நான் கரையில் நின்று பார்த்துக்கொள்கிறேன்.

அம்மா தட்டுவடை சுடுகிறாள். மாப்பிள்ளைக்கு என்று தனியாக ஒரு டப்பா எப்போதும்போலப் போடுவாள். அதைக் கொண்டுவரட்டுமா வேண்டாமா என்று மட்டும் ஒரு மெசேஜ் போடு. காரணம் எழுத வேண்டாம்.

அப்பா