மானியம் முன்பணம் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வீட்டுக்கடன் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை வட்டி விகிதத்தையும் மாதத் தவணையையும் விரிவாகச் சொன்னது. டெல்டாவில் கடன் கேட்டு வங்கிப் படி ஏறுகிறவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் முன்பணத்தில்தான், அதாவது கடன் போகக் கையிலிருந்து போட வேண்டிய பணத்தில். அதைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது.

மனை விற்பவர்கள் '1.80 லட்சம் அரசு மானியம்' என்று நோட்டீஸ் அடிக்கிறார்கள். படிப்பவர் அந்தத் தொகையை முன்பணத்திலிருந்து கழித்துவிட்டு, மீதி இருந்தால் போதும் என்று அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார். பிரதமர் வீட்டுவசதித் திட்டம் (நகர்ப்புறம்) 2.0இல் வட்டி மானியம் அப்படி வருவதில்லை. கடன் பட்டுவாடா ஆன பிறகு ஐந்து ஆண்டுத் தவணைகளாகக் கடன் கணக்கில் வரவாகும். கைக்கு ஒரு பைசா வராது. குடும்ப ஆண்டு வருமானம் 9 லட்சம், வீட்டின் மதிப்பு 35 லட்சம், கடன் 25 லட்சம் என்பவை உச்சவரம்புகள். கடனில் முதல் 8 லட்சத்துக்குத்தான் 4 சதவீத மானியம். கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் யார் பெயரிலும் நாட்டில் எங்கும் பக்கா (நிலையான) வீடு இருக்கக் கூடாது. ஒவ்வொரு தவணை மானியமும் வரும்போது அசலில் பாதிக்கு மேல் பாக்கி இருக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. சம்பா அறுவடைப் பணத்தை மொத்தமாகக் கட்டி அசலைச் சட்டென்று குறைப்பவர், வர வேண்டிய மிச்ச மானியத்தைத் தானே வெட்டிக்கொள்கிறார். தவிர, இது நகர்ப்புறத் திட்டம். 'தஞ்சாவூர் பைபாஸ் அருகில்' என்று விற்கும் ஊராட்சி மனை எல்லாம் இதில் அடங்கிவிடாது; மனையின் சர்வே எண்ணைக் கொடுத்து வங்கியில் முதலில் கேட்டுவிட வேண்டும்.

சரி, கையில் எவ்வளவு வேண்டும்? ரிசர்வ் வங்கி விதிப்படி கடன் 30 லட்சம் வரை என்றால் சொத்து மதிப்பில் 90 சதவீதம், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80, அதையும் தாண்டினால் 75 சதவீதம்தான் அதிகபட்சம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் இந்த மதிப்பில் சேராது. தமிழ்நாட்டில் கிரயத்துக்கு அவை 7ம் 2ம் ஆக 9 சதவீதம். ஆக, 'பத்து சதவீதம் போட்டால் வீடு' என்பது உண்மையில் பத்தொன்பது. 20 லட்சம் வீட்டுக்கு 3.80 லட்சம்; வக்கீல் ஒப்பீனியன், மதிப்பீட்டாளர், வங்கியின் பிராசசிங் கட்டணம், பத்திர எழுத்தர் எல்லாம் தனி. 10 லட்சத்துக்கு உட்பட்ட வீடுகளுக்கு மட்டும் பதிவுச் செலவையும் மதிப்பில் சேர்க்க விதி இடம் தருகிறது. கேட்டுப் பார்க்கலாம். அதே 10 லட்ச வரம்புக்குள் பெண்கள் பெயரில் பதிந்தால் 1.4.2025 முதல் பதிவுக் கட்டணம் 2 சதவீதத்துக்குப் பதில் ஒரு சதவீதம்தான்.

முன்பணத்தை ஊதிப் பெருக்குவது நம் பக்கத்துப் பழக்கம் ஒன்று: பேசிய விலை ஒன்று, பத்திரத்தில் ஏறும் விலை வேறு. 24 லட்சத்துக்குப் பேசிய வீட்டை அரசின் வழிகாட்டி மதிப்பான 15 லட்சத்துக்கு எழுதுவதாக வைத்துக்கொள்வோம். வங்கி பார்ப்பது பத்திரத்தை. 90 சதவீதம் என்றால் 13.50 லட்சம் கிடைக்கும். மீதி 10.50 லட்சமும் பதிவுச் செலவு 1.35 லட்சமும் சேர்த்து 11.85 லட்சம் கையில் வேண்டும். முழு விலையையும் எழுதினால் கடன் 21.60 லட்சம் வரை கிடைக்கும். கையிலிருந்து போவது 2.40 லட்சமும் பதிவுக்கு 2.16 லட்சமும், மொத்தம் 4.56 லட்சம்தான். பதிவில் 81 ஆயிரம் மிச்சம் பிடிக்கப் போய் ஏழு லட்சத்துக்கு மேல் நகைக்கடனும் கைமாற்றும் வாங்குகிறார்கள். அந்த நகைக்கடனையும் வங்கி கணக்கில் எடுத்துத் தவணை கட்டும் திறனைக் குறைத்துவிடும். ரொக்கமாக 20 ஆயிரமோ அதற்கு மேலோ கைமாறினால் அந்த ரொக்கத்தைப் பெற்றவருக்கு அதே அளவு அபராதம் என்று வருமான வரிச் சட்டம் சொல்வது வேறு. முழு விலை எழுதினால் தவணை கூடும்தான்: 8.5 சதவீத வட்டி, 20 ஆண்டு என்றால் மாதம் சுமார் 11,700க்குப் பதில் 18,750. அதைத் தாங்க முடியாதவர் வீட்டின் விலையைக் குறைத்துக்கொள்ள வேண்டும், பத்திரத்தின் விலையை அல்ல.

மனை வாங்கிக் கட்டுகிறவர்களுக்கு இன்னொரு பள்ளம் உண்டு, நிஜமாகவே. நஞ்சையைத் திருத்திப் போட்ட மனை சாலையை விட மூன்றடி தாழ்ந்திருக்கும். 1,200 சதுர அடிக்கு மூன்றடி மண் என்றால் 3,600 கன அடி, அதாவது 36 யூனிட். மூன்று யூனிட் லாரியில் 12 நடை. மண் அமுங்கும் என்பதால் இன்னும் இரண்டு மூன்று நடை. இன்ஜினியர் சதுர அடிக் கணக்கில் போடும் எஸ்டிமேட்டில் இது பெரும்பாலும் இருக்காது. வங்கியோ உங்கள் பங்கைச் செலவழித்த பிறகுதான் அஸ்திவாரம், லிண்டல், தளம் என்று கட்டம் கட்டமாகப் பணம் விடும். முன்பணம் முழுக்க மண்ணுக்குள் போய், அஸ்திவாரத்தோடு நின்ற வீடுகளைத் திருவாரூர் பக்கம் பார்க்கலாம். கிராமத்துக் குடிசைவாசிகளுக்கான கலைஞர் கனவு இல்லம் திட்டத்திலும் 360 சதுர அடி வீட்டுக்கான 3.50 லட்சம் வேலை நடக்க நடக்கத்தான் வருகிறது.

கும்பகோணம், மயிலாடுதுறை தெருக்களில் அடிமனை கோயிலுடையது, மேல்கட்டடம் மட்டும் விற்பவருடையது என்ற நிலை சகஜம். மலிவாக இருக்கும். மண் அவர் பெயரில் இல்லாததால் வங்கி பொதுவாக அடமானமாக ஏற்காது, கடன் கிடைப்பது அரிது. முழு விலையும் முன்பணமாகிவிடும்.

ஆகவே அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே மூலப்பத்திரம், பட்டா, 30 ஆண்டு வில்லங்கச் சான்று மூன்றையும் வக்கீலிடம் காட்டிவிட வேண்டும். கிரய ஒப்பந்தத்தில், வங்கிக் கடன் மறுக்கப்பட்டால் அட்வான்ஸை இத்தனை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு ஷரத்து எழுதச் சொல்லுங்கள். 2012 முதல் இந்த ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது இங்கே கட்டாயம். வெறும் முத்திரைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்வது போதாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கும்பகோணம்.