ஆலிவ் எண்ணெய் பாட்டிலில் எதைப் பார்த்து வாங்குவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் நலவாழ்வுப் பக்கத்தில், இதயத்துக்கு நல்லது, ஆலிவ் எண்ணெய்க்கு மாறுங்கள் என்று எழுதியிருந்தீர்கள். நல்ல பச்சையாகப் பார்த்து வாங்கச் சொன்னதோடு கட்டுரை முடிந்துவிட்டது. விலையோ கடலை எண்ணெயைப் போலப் பல மடங்கு. அவ்வளவு கொடுத்து வாங்குகிறவர்களுக்கு இது போதாது.

முதலில் நிறம். அதை வைத்துத் தரம் சொல்ல முடியாது. மாட்ரிட்டில் இருக்கும் சர்வதேச ஆலிவ் கவுன்சிலின் முறைப்படி ருசி பார்ப்பவர்கள், நிறம் கண்ணில் படவே கூடாது என்று கருநீலக் கண்ணாடிக் கோப்பையில் எண்ணெயை ஊற்றுகிறார்கள். 28 டிகிரிக்கு லேசாகச் சூடாக்கி, முதலில் மோந்து பார்ப்பார்கள். அப்புறம்தான் வாயில் வைப்பார்கள். காயின் பசும் வாசம், நாக்கில் கசப்பு, விழுங்கும்போது தொண்டையில் மிளகு கடித்ததுபோல் ஒரு காரம், இவை மூன்றும் நல்ல குணங்கள். இருமல் வந்தால் கலப்படம் என்று பயப்பட வேண்டாம். அந்தக் காரத்துக்குக் காரணம் ஓலியோகேந்தால் என்ற இயற்கைப் பொருள். சிக்கு வாடையோ, பூஞ்சை வாடையோ, காடி வாடையோ தெரிந்தால் 'எக்ஸ்ட்ரா வர்ஜின்' என்ற முதல் தரப் பெயர் கிடையாது. அமிலத்தன்மையும் 0.8 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

செக்கு வைத்திருந்த குடும்பம் எங்களுடையது. மல்லாட்டை (வேர்க்கடலை) எண்ணெயில் சிக்கு ஏறினால் வாசலிலேயே தெரியும். அதே மூக்கை இங்கேயும் நம்பலாம்.

'போமஸ்' என்று எழுதியிருந்தால், அது ஆலிவைப் பிழிந்தபின் மிஞ்சும் பிண்ணாக்கிலிருந்து கரைப்பான் ஊற்றி எடுத்துச் சுத்திகரித்த எண்ணெய். அதில் கொஞ்சம் நல்ல எண்ணெய் கலந்திருப்பார்கள். 'லைட்', 'பியூர்' என்பவையும் பெரும்பாலும் சுத்திகரித்த எண்ணெய்தான். 'லைட்' என்றால் கொழுப்பு குறைவு என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, ருசியும் வாசமும்தான் குறைவு.

ஊர்ப் பெயரையும் கவனித்துப் படிக்க வேண்டும். இத்தாலியில் அடைத்தது என்றால் காய் இத்தாலியில் விளைந்தது என்று அர்த்தமில்லை. ஸ்பெயின், கிரீஸ், துனிசியா எண்ணெயாகவும் இருக்கலாம். அதனாலேயே, சுத்திகரிக்காமல் பிழிந்தெடுத்த வர்ஜின் ரகங்களுக்குக் காய் விளைந்த இடத்தை எழுதுவதை ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் கட்டாயமாக்கியது. குறிப்பிட்ட வட்டாரத்தில் விளைந்து, அங்கேயே பிழிந்ததற்கு 'பி.டி.ஓ.' (PDO, பாதுகாக்கப்பட்ட பிறப்பிடப் பெயர்) முத்திரை உண்டு. 2023இல் நம் இலவம்பாடி முள் கத்தரிக்காய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த வகைப் பாதுகாப்புதான் அது.

வேலூர் வெயிலைச் சொல்லாமல் முடிக்க முடியவில்லை. வெளிச்சமும் சூடும் இந்த எண்ணெய்க்கு எமன். ஆனால் கடைகளில் வெள்ளைக் கண்ணாடி பாட்டில்களை வாசல் பக்கம் வெயில் படும்படி அடுக்கி வைக்கிறார்கள். கறுத்த பாட்டிலோ டின்னோ பார்த்து, அறுவடை தேதி போட்டிருந்தால் அதையும் பார்த்து, சின்ன அளவாக வாங்கிச் சீக்கிரம் தீர்த்துவிடுவது நல்லது. வடை சுட இது வேண்டவே வேண்டாம். அதற்குக் கடலை எண்ணெய் இருக்கிறது.

அடுத்த இதழில் நிறத்தைப் பற்றிய அந்த வரியை மட்டுமாவது திருத்தி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்