கிளாஸ்நெவினுக்கு ஒரு நடை

குட்டிம்மா,

நேத்து போனில் "வார்டு, ரூம், தூக்கம், திரும்ப வார்டு, வேற ஒண்ணுமே இல்லப்பா" என்றாய். அதற்குப் பிறகு எனக்கும் தூக்கம் வரவில்லை. உன் டப்ளினிலேயே வாழ்ந்து மறைந்த ஒரு டாக்டர்தான் நினைவுக்கு வந்தார். அகஸ்டின் ஹென்றி.

அயர்லாந்தின் வடக்கே டைரோன் பக்கம் வளர்ந்தவர். மருத்துவம் படித்துவிட்டு 1881இல் சீனச் சுங்கத்துறையில் சேர்ந்தார். அடுத்த வருஷமே யாங்சி ஆற்றங்கரையில் இச்சாங் என்ற ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். பேச்சுத்துணைக்குக்கூட ஆள் குறைவு. அங்கே விற்ற மருந்துச் சரக்குகள் எந்தச் செடியிலிருந்து வருகின்றன என்று விசாரிக்கத் தொடங்கியவர், காடு மலையெல்லாம் அலைய ஆரம்பித்தார். ஒவ்வொரு செடிக்கும் ஊர்க்காரர்கள் வழங்கும் பெயரைக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். அவரிடம் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். பெயர் தெரியாதவற்றை உலர்த்தி 1885இல் லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்கு அனுப்பினார். சீனாவை விட்டுக் கிளம்புவதற்குள் அப்படி அனுப்பியவை 15,000க்கும் மேல். நடுவில், கல்யாணமாகி மூன்றே வருஷத்தில் மனைவி காசநோயில் போய்விட்டார். அதன் பிறகும் யுன்னான் மலைகளில் அவர் செடி சேகரிப்பதை விடவில்லை.

பூவைச் சுற்றி இரண்டு வெள்ளை இலைகள் கைக்குட்டை மாதிரி தொங்கும் டேவிடியா மரம் ஒன்றை 1888இல் பார்த்திருந்தார். அதன் விதையைத் தேடி வந்த வில்சன் என்ற இளைஞனுக்கு, நோட்டில் அரைப் பக்கம் கிழித்து வழி வரைந்து கொடுத்தார். அவன் போய்ச் சேர்ந்தபோது அடிக்கட்டைதான் மிச்சம். மரத்தை வெட்டி வீடு கட்டியிருந்தார்கள். ஆனால் சில வாரங்களிலேயே வேறு இடத்தில் அதே மரம் பூத்து நிற்பதைக் கண்டான். இன்று ஐரோப்பியத் தோட்டங்களில் அது நிற்பதற்கு அந்த அரைப் பக்கமும் ஒரு காரணம் என்று நினைத்துக்கொள்வேன்.

ஊர் திரும்பிய ஹென்றி, நாற்பது வயதுக்கு மேல் பிரான்சின் நான்சி நகரத்துக்குப் போய்க் காட்டியல், அதாவது காடு வளர்க்கும் படிப்பு, படித்தார். 1913இல் டப்ளினில் காட்டியல் பேராசிரியர் ஆனார். 1930இல் இறந்தார். மரங்களிலிருந்து அவர் சேர்த்து உலர்த்திய மாதிரிகள் டப்ளினிலேயே உள்ள கிளாஸ்நெவின் தாவரவியல் தோட்டத்தில் இருக்கின்றன.

அடுத்த லீவு நாளில் அங்கே போய்விட்டு வாம்மா. டேவிடியா பூப்பது மே மாசத்தில். அங்கே ஒரு மரம் நிற்கிறதா என்று தோட்டக்காரரிடம் கேள். இருந்தால் போட்டோ வேண்டாம், கீழே விழுந்த வெள்ளை இலை ஒன்றைப் புத்தகத்துக்குள் வைத்து எடுத்து வா. இங்கே வந்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து தாளில் ஒட்டுவோம்.

அம்மா ஸ்வெட்டர் போடச் சொல்கிறாள்.

அன்புடன்,
அப்பா