கலிஃபோர்னியாவின் சான்டா கிளாரா கவுண்டியில் (மாவட்டத்தில்) வீடு வாங்கிய தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த நண்பர்களே,

அக்டோபர் மாதத்தில் சொத்து வரி பில் வந்தவுடன் நம் வாட்ஸ்அப் குழுக்களில் எழும் பேச்சு ஆண்டுதோறும் ஒன்றேதான்: அதே அளவு வீட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் கட்டுவதைவிடப் பல மடங்கு நாம் கட்டுகிறோம். அந்த வருத்தம் நியாயமானது. ஆனால் டிசம்பர் 10க்குள் முதல் தவணையையும் ஏப்ரல் 10க்குள் இரண்டாம் தவணையையும் கட்டி முடித்த பிறகு, அந்தப் பணம் எங்கே போகிறது என்று விசாரிப்பவர்களை நான் அதிகம் கண்டதில்லை. அதை விசாரிக்க வேண்டும், நகர மன்றத்துக்கே நேரில் சென்று விசாரிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டுக்கும் நம் வீட்டுக்கும் உள்ள வேறுபாட்டை எந்த அதிகாரியும் உண்டாக்கவில்லை. 1978 ஜூன் மாதம் கலிஃபோர்னிய வாக்காளர்கள் நிறைவேற்றிய, ‘பிராப் 13’ என்று எல்லோரும் அழைக்கும் சட்டத் திருத்தம், அடிப்படைச் சொத்து வரியை மதிப்பில் ஒரு விழுக்காட்டுக்குள் அடக்கியது; வரிக்கான மதிப்பு ஆண்டுக்கு இரண்டு விழுக்காட்டுக்கு மேல் ஏறக்கூடாது என்றது; வீடு கைமாறும்போதுதான் சந்தை விலைக்கு மறுமதிப்பீடு என்றும் வகுத்தது. ஆகவே நாற்பதாண்டுகளாக அதே வீட்டில் வாழும் மூதாட்டியின் வரி அவர் வாங்கிய காலத்து விலையிலிருந்து மெல்ல வளர்ந்தது. நம் வரி நாம் வாங்கிய விலையிலிருந்து தொடங்குகிறது. அந்த மூதாட்டியைக் குறை சொல்வது முறையன்று. வரி ஏற்றத்துக்கு அஞ்சி வீட்டை விற்கும் நிலை அவருக்கு வரக்கூடாது என்பதும் அந்தத் திருத்தத்தின் ஒரு நோக்கம்.

வரியைத் திரட்டுவது கவுண்டி என்பதால் முழுத்தொகையும் கவுண்டிக்கே போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் பெரும்பங்கு பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் செல்கிறது. எஞ்சியதைக் கவுண்டி, நகரம், தீயணைப்பு, குடிநீர் போன்ற சிறப்பு அமைப்புகள் பகிர்ந்துகொள்கின்றன. யாருக்கு எவ்வளவு என்பதை 1979ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பிராப் 13க்கு முன் அவரவர் பெற்றுவந்த விகிதத்தை அடிப்படையாக வைத்து நிலைநிறுத்தியது. அன்று சிக்கனமாக வரி விதித்த நகரம் இன்றும் குறைந்த பங்கையே பெறுகிறது. இதைவிட ஆழமான விளைவொன்றும் உண்டு. மாநிலத்தின் அடிப்படை விற்பனை வரியான 7.25 விழுக்காட்டில், விற்பனை விலையின் ஒரு விழுக்காடு கடை அமைந்துள்ள நகரத்துக்குச் சேர்கிறது. எனவே காலி மனையில் குடியிருப்பு வருவதைவிட வணிக வளாகம் வருவதே பல நகரங்களின் கணக்குக்கு ஏற்றதாகிவிட்டது. வீட்டுத் தட்டுப்பாட்டைப் பற்றிப் பேசும் நாம் இந்தக் கணக்கையும் சேர்த்தே பேச வேண்டும்.

கவுண்டியின் சுமை வேறு வகையானது. பொது மருத்துவமனைகள், சிறை, தேர்தல், குழந்தைப் பாதுகாப்பு எல்லாம் அதன் பொறுப்பு. கூட்டாட்சி அரசின் மருத்துவ நிதிக் குறைப்பை ஈடுகட்ட, 2025 நவம்பரில் நம் கவுண்டி வாக்காளர்கள் ஐந்து ஆண்டுகளுக்கு விற்பனை வரியில் 0.625 விழுக்காடு கூட்டுவதற்கு ஒப்புதல் அளித்தார்கள். அதை நான் வரவேற்கிறேன். ஆனால் அது பொது வரி. அதனால்தான் எளிய பெரும்பான்மை போதுமாயிற்று. மருத்துவமனைக்கே செலவிட வேண்டும் என்ற சட்டக் கட்டு அதற்கில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார்களா என்று ஐந்து ஆண்டுகளும் கவனிக்க வேண்டியவர்கள் நாம்தான்.

கவனிக்காவிட்டால் என்னாகும் என்பதற்கு லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் உள்ள பெல் என்ற சிறு நகரம் சான்று. மன்ற உறுப்பினர் ஊதியத்துக்கு மாநிலச் சட்டம் வைத்திருந்த வரம்பிலிருந்து அந்நகரத்தை விடுவித்த 2005ஆம் ஆண்டு சிறப்புத் தேர்தலில் வாக்களித்தவர்கள் 400 பேர்கூட இல்லை. நகர மேலாளர் ஆண்டுக்கு ஏறத்தாழ எட்டு லட்சம் டாலர் ஊதியம் பெற்றுவந்தது 2010இல்தான் வெளியே தெரிந்தது. உழைப்பாளிக் குடும்பங்கள் வாழும் ஊர் அது.

“எங்களுக்குக் குடியுரிமை இல்லை, ஓட்டு இல்லை, நாங்கள் போய் என்ன செய்வது?” என்று கேட்பீர்கள். கிரீன் கார்டுக்காகப் பத்தாண்டுக்கு மேல் காத்திருந்தவன் என்ற முறையில் அந்தத் தயக்கத்தை நான் நன்கறிவேன். ஆனால் உள்ளாட்சி மன்றக் கூட்டங்கள் மக்களுக்குத் திறந்திருக்க வேண்டும் என்னும் 1953ஆம் ஆண்டின் பிரவுன் சட்டம் மன்றக் கூட்டத்தில் பேசும் உரிமையைப் பொதுமக்கள் அனைவருக்கும் தருகிறது. குடியுரிமையை யாரும் கேட்பதில்லை, கூட்டத்துக்கு வர பெயரைச் சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையும் விதிக்க முடியாது. மொழிபெயர்ப்பாளரின் துணையோடு பேசுபவருக்கு இருமடங்கு நேரம் தர வேண்டும் என்றும் விதி உள்ளது. ஆங்கிலத்தில் பேசத் தயங்கும் நம் பெற்றோர் தமிழிலேயே பேசலாம்.

நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குவதால் வரவுசெலவுத் திட்டத்தின் மீதான விவாதங்கள் மே, ஜூன் மாதங்களில் நடக்கின்றன. எங்கள் நகர மன்றத்தில் நான் முதன்முறை சென்றபோது பார்வையாளர் இருக்கைகள் பெரும்பாலும் காலியாக இருந்தன. நூலக நேரத்தைக் குறைப்பது பற்றிய பேச்சு சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. வரும் மே மாதம் குடும்பத்துக்கு ஒருவராவது தத்தம் நகரத்தின் கூட்டத்துக்கு வாருங்கள். ஊழியர்களின் ஓய்வூதியத்துக்காக நகரத்துக்கு உள்ள கடன் எவ்வளவு, சேமிப்பு நிதி எத்தனை மாதச் செலவுக்குப் போதும், ஒருமுறை மட்டுமே வரும் வருவாயை நிரந்தரச் செலவுக்குப் பயன்படுத்துகிறார்களா என்ற மூன்று கேள்விகளை நான் எங்கள் மன்றத்தில் கேட்கப்போகிறேன். உங்கள் மன்றத்திலும் அவற்றைக் கேளுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போல் வரி கட்டும் ஒருவன்