நூலகம் 11 மணி வரை, மாணவிகளுக்கு மட்டும் 6.30 வரை: துணைவேந்தருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துணைவேந்தர் அவர்களுக்கும் விடுதி நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். சென்னைப் புறநகரில் உள்ள நம் பல்கலைக்கழகத்தில் கணினி அறிவியல் இறுதியாண்டு படிக்கிறேன். பெண்கள் விடுதியில் இருக்கிறேன். மாணவிகள் மாலை 6.30க்குள் விடுதிக்குத் திரும்பியாக வேண்டும் என்ற விதியை மாற்றக் கேட்டு இதை எழுதுகிறேன்.

ஆண்கள் விடுதிக்கு இன்-டைம் 9.30. நூலகம் இரவு 11 வரை. விடுதி, நூலகம், லேப் எல்லாம் ஒரே சுற்றுச்சுவருக்குள்தான் இருக்கின்றன. வகுப்பு முடிந்து லேபில் சிஸ்டம் பிடித்து உட்காரவே 5 மணியாகிவிடும். 6.15க்கு நாங்கள் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். ப்ரோக்ராம் ஓடிக்கொண்டிருக்கும், மீதியை டீமில் உள்ள பையன்கள் பார்த்துக்கொள்வார்கள். மறுநாள் ரிவ்யூவில் ரிசல்ட்டைப் பற்றிக் கேட்டால், இரவு கூட இருந்தவர்களால்தான் பதில் சொல்ல முடிகிறது. கோடில் பாதி எழுதியவள் வாய் திறக்காமல் நிற்கிறாள். மார்க் யாருக்குப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கொஞ்சம் தாமதமானாலும் கேட்டில் இருக்கும் ரிஜிஸ்டரில் சிவப்பு மையில் பெயர் ஏறுகிறது, வீட்டுக்கு போன் போகிறது. ஒரு தோழியின் அப்பாவுக்கு அப்படித்தான், "உங்க பொண்ணு இன்னும் ஹாஸ்டலுக்கு வரல" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்கள். அவள் அப்போது நூலகத்தில் இருந்தாள். அந்த மனிதர் ஊரில் அன்று பட்ட பாட்டை அவள் சொல்லக் கேட்டபோது எனக்கு ஆறவே இல்லை.

பாதுகாப்புக்காகத்தான் என்கிறீர்கள். பெற்றோரின் கவலையும் எனக்குப் புரிகிறது. ஆனால் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு பாலியல் துன்புறுத்தல் தடுப்பு விதிமுறைகள், பாதுகாப்பைக் காரணம் காட்டி மாணவர்களுக்கு இல்லாத பாகுபாடான கட்டுப்பாடுகளை விடுதியில் மாணவிகளுக்கு விதிக்கக் கூடாது என்கின்றன. நம்மைப் போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் அது பொருந்தும். நூலகத்திலும் லேபிலும் நேரம் கழித்து வேலை செய்ய வசதியாக வளாகத்துக்குள் நம்பகமான போக்குவரத்து பற்றியும் அதே விதிமுறைகள் பேசுகின்றன. கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரி மாணவிகள் 2022இல் உயர் நீதிமன்றம் வரை போன பிறகு, கேரள அரசு மருத்துவக் கல்லூரி விடுதிகளில் ஆண், பெண் இருவருக்கும் ஒரே நேரத்தைக் கொண்டுவந்தது. இங்கே அதுவரை போக வேண்டாம் என்றுதான் உங்களிடம் நேரடியாகக் கேட்கிறேன்.

இன்-டைமை இருவருக்கும் 9.30 ஆக்குங்கள். அதற்குமேல் நூலகத்தில் இருப்பவர்கள் அங்கேயே கையெழுத்திடட்டும். அந்தத் தகவல் வார்டனுக்குப் போனால் போதும். பகலில் விருந்தினர்களுக்காக ஓடும் பேட்டரி வண்டியை இரவு 11 வரை நூலகத்துக்கும் விடுதிக்கும் இடையே விடலாம். மெக்கானிக்கல் பிளாக்குக்குப் பின்னால் விளக்கே இல்லாத பாதை இருக்கிறதே, அங்கே விளக்கு போடுங்கள். பயம் அந்த இருட்டில்தான் இருக்கிறது.

அடுத்த விடுதிக் குழுக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்கள் விடுதியிலிருந்து, நாங்களே தேர்ந்தெடுக்கும் இருவரை அதில் உட்கார வையுங்கள். முடிவு எதுவானாலும் எழுத்தில் தாருங்கள்.

நன்றியுடன்,
இறுதியாண்டு மாணவி ஒருத்தி