சளி பிடித்தால் மலையேறாதே

அன்பு மகள் நிலாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. உன் தம்பி வேலை மாறிவிட்டான், அவனே உனக்குச் சொல்லியிருப்பான்.

போனில் உன் குரல் கம்மியிருந்தது. பாதி சளி, பாதி கோபம். மூக்கு ஒழுகுகிறது என்று நீயே உண்மையைச் சொன்னதற்கு, ருவாண்டாவில் நீ ஆராய்ச்சி செய்கிற மலைக் கொரில்லாக்களிடம் மேலே போகக் கூடாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். "வெறும் ஜலதோஷம்தாம்மா, இதுக்காக ஒரு வாரம் வேலை கெட்டுப்போகுது" என்றாய். லைன் விட்டுவிட்டு வந்ததால் நான் அதிகம் பேசவில்லை. சொல்ல வேண்டியது நிறைய இருந்தது, அதனால் எழுத உட்கார்ந்துவிட்டேன். அவர்கள் செய்தது முழுக்கச் சரி, நிலா. இதில் நீ கோபப்பட ஒன்றுமே இல்லை.

குழந்தைகள் வார்டில் தட்டம்மை வந்த நாட்களை நான் உனக்கு அதிகம் சொன்னதில்லை. இந்தக் கோடியில் ஒரு பிள்ளை இருமும். பத்துப் பன்னிரண்டு நாளில் அந்தக் கோடியில் இருக்கிற பிள்ளைக்குக் கண் சிவக்கும், காய்ச்சல் ஏறும், காதுக்குப் பின்னால் பொரியத் தொடங்கும். உடம்பில் சத்து இருக்கிற பிள்ளை தேறிவிடும். சத்தில்லாத பிள்ளைக்கு நிமோனியாவில் போய் நிற்கும். தடுப்பூசி போட்ட பிள்ளையோ அதே வராண்டாவில் ஓடி விளையாடிக்கொண்டிருக்கும். ஒரே கிருமிதான், உடம்புக்கு உடம்பு வேறு விதமாக நடந்துகொள்கிறது. நம் சளியையும் காய்ச்சலையும் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தே இராத உடம்பு அந்தக் கொரில்லாக்களுடையது. மரபணுவில் நமக்கு அவ்வளவு நெருக்கம், அதனால் நம் நோயெல்லாம் அவற்றுக்கு ஒட்டும். எதிர்ப்புச் சக்தி மட்டும் ஒட்டவில்லை.

நீ போன நாளிலிருந்து உன் மலையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன். உனக்குத் தெரிந்ததையே திருப்பிச் சொல்கிறேன் என்று நினைக்காதே, ஒரு நர்ஸ் கண்ணுக்கு எது பட்டது என்று சொல்கிறேன். 1988-ல் உன் மலை இருக்கிற விருங்கா மலைத்தொடரில் கொரில்லாக்களுக்கு மூச்சு நோய் பரவி ஆறு பெண் கொரில்லாக்கள் இறந்தன. தட்டம்மையாக இருக்குமோ என்று சந்தேகப்பட்டு, தூரத்திலிருந்து ஊசித் துப்பாக்கியால் 65 கொரில்லாக்களுக்கு நம் பிள்ளைகளுக்குப் போடுகிற தட்டம்மைத் தடுப்பூசியைப் போட்டார்கள். 2009-ல் ஹிர்வா என்ற கொரில்லாக் கூட்டத்தில் 12 பேரில் 11 பேருக்கு இருமலும் மூக்கொழுகலும். வளர்ந்த பெண் ஒன்றும் பிறந்து சில நாளே ஆன குட்டி ஒன்றும் போய்விட்டன. பரிசோதித்துப் பார்த்தால் அது மனிதர்களுக்கு வருகிற மெட்டாநியூமோ வைரஸ். நமக்கு வந்தால் கஷாயம் குடித்துவிட்டு வேலைக்குப் போகிற நோய்தான் அது.

என்னை உலுக்கிய கதை அந்தப் பக்கம் உகாண்டாவில், ப்விண்டி காட்டில் நடந்தது. 1996. கிளாடிஸ் கலேமா-சிகுசோகா என்ற பெண், அந்நாட்டுத் தேசியப் பூங்காக்களின் முதல் வனவிலங்கு மருத்துவராகப் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். கொரில்லாக்களுக்கு முடி கொட்டுகிறது, தோல் வெள்ளையாகச் செதில் செதிலாக உரிகிறது என்று தகவல். போய்ப் பார்க்கும்முன் மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் ஒருவரிடம், இந்த ஊர் மக்களுக்கு அதிகம் வருகிற தோல் நோய் எது என்று கேட்டாராம். சிரங்கு என்று பதில் வந்தது. கொரில்லாக்களுக்கு வந்ததும் அதேதான். ஒரு குட்டி இறந்துவிட்டது. மற்றவை ஐவர்மெக்டின் மருந்து போட்டதும் குணமாயின.

சிரங்கு எனக்கு எவ்வளவு பழகிய நோய் தெரியுமா! விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொண்டு, இரவெல்லாம் தூங்காமல் வருகிற பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு மட்டும் மருந்து தடவி அனுப்பினால் பத்து நாளில் திரும்பி வரும். வீட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஒரே நாளில் தடவ வேண்டும், பாய், போர்வை, துணி எல்லாவற்றையும் கொதிக்கிற நீரில் போட்டு வெயிலில் காயவைக்க வேண்டும் என்று தாய்மார்களிடம் தொண்டை வற்றச் சொல்லியிருக்கிறேன். ப்விண்டியில் வயலுக்குக் காவலாக நிறுத்திய பொம்மைகளின் பழந்துணியிலிருந்து அது கொரில்லாக்களுக்குத் தொற்றியிருக்கலாம் என்று நினைத்தார்கள். வாழைக்கும் வயலுக்கும் இறங்கி வருகிற குட்டிகள் துணியைப் பிடித்து இழுத்துப் பார்க்காமலா இருக்கும்?

கிளாடிஸ் அதோடு நிற்கவில்லை. கொரில்லாவுக்கு வைத்தியம் பார்த்து என்ன பயன், பக்கத்து வீடுகளில் நோய் அப்படியே இருந்தால் என்று யோசித்திருக்கிறார். 2003-ல் மக்கள் நலத்தையும் வனவிலங்கு நலத்தையும் சேர்த்துப் பார்க்கும் அமைப்பு ஒன்றைத் தொடங்கினார். காட்டோரக் கிராமங்களில் தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போய், விடாத இருமல் யாருக்கு, கழிப்பறை இருக்கிறதா, கை கழுவ வசதி இருக்கிறதா, குடும்பக் கட்டுப்பாடு பற்றித் தெரியுமா என்று கேட்கிறார்கள். நம் ஊர் கிராம சுகாதார செவிலியர் செய்கிற வேலையேதான். இதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். நோயை அதன் வீட்டுக்கே போய்ப் பார்க்கிறவரைக் கண்டால் எனக்கு எப்போதுமே மரியாதை உண்டு.

மனிதர்கள் பக்கத்தில் போகாமலேயே இருந்துவிட்டால் என்ன என்றும் யோசித்தேன். அதுவும் நடக்காது என்று புரிகிறது. 1959-60-ல் ஜார்ஜ் ஷாலர் என்ற ஆராய்ச்சியாளர் போனபோது விருங்காவில் 450 கொரில்லாக்கள் வரை இருக்கும் என்று கணக்கிட்டார். 1981-ல் எண்ணியபோது 250 சொச்சம்தான். வேட்டை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ருவாண்டா பூங்காவின் நிலத்தில் பெரும் பங்கைப் பூச்சிமருந்துக்கான பைரெத்ரம் செடி வளர்க்க வெட்டிக் கொடுத்துவிட்டார்கள். பத்து வயதில் முதல் குட்டி, அப்புறம் நாலு வருஷத்துக்கு ஒன்று என்று பெறுகிற இனம் எப்படித் தாங்கும்? மனிதர்களுக்குப் பழக்கிய கூட்டங்களைத் தினமும் கூடவே போய்ப் பார்த்து, காயம் பட்டால் வைத்தியம் செய்து, கண்ணிகளைத் தேடி அறுத்ததால்தான் எண்ணிக்கை திரும்பி ஏறியது. 2015-16 கணக்கெடுப்பில் விருங்காவில் 604. 2018-ல் ப்விண்டி பக்கம் 459. சேர்த்தால் 1063. 2018-ல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அபாயப் பட்டியலில் ஒரு படி இறக்கியும் வைத்தது. பக்கத்தில் போனதால் பிழைத்தன. பக்கத்தில் போவதாலேயே நோயும் வருகிறது. அதனால்தான் முகக்கவசம், பத்து மீட்டர் தூரம், பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு மணி நேரம், எட்டு பேருக்கு மேல் இல்லை என்று இத்தனை கட்டுப்பாடு. நீ ஆராய்ச்சி மாணவி என்பதால் கிருமி உனக்கு விலக்குக் கொடுக்காது.

கொரில்லா ஆராய்ச்சியாளர் டயான் ஃபாஸியைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்று முன்பு கேட்டிருந்தாய். அவரும் எங்களைப் போல ஆஸ்பத்திரியில் இருந்து போனவர், ஊனமுற்ற பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தவர் என்பதால் எனக்கு முதலிலேயே ஒரு பாசம். 1967 செப்டம்பரில் கரிசிம்பி, பிசோக்கே என்ற இரண்டு மலைகளுக்கும் நடுவில் கூடாரம் போட்டு கரிசோக்கே ஆராய்ச்சி முகாமைத் தொடங்கி, அந்தக் குளிரிலும் ஈரத்திலும் அத்தனை வருஷம் தாக்குப்பிடித்தது சாதாரணம் இல்லை. ஜெர்மனியில் ஒரு மிருகக்காட்சி சாலைக்காகப் பிடித்து, குற்றுயிராகக் கொண்டுவந்த கோகோ, பக்கர் என்ற இரண்டு குட்டிகளைத் தன் குடிலிலேயே வைத்துத் தேற்றினார். தேறியதும் கொலோனுக்கு அனுப்பிவிட்டார்கள். 1978-ல் இரண்டும் அங்கேயே இறந்தன. அந்த இடத்தைப் படித்துவிட்டு அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை. 1977 டிசம்பர் 31-ல் தன் கூட்டம் தப்பிக்கட்டும் என்று வேட்டைக்காரர்களின் ஈட்டிகளுக்கு முன்னால் நின்ற டிஜிட் என்ற கொரில்லாவின் கதையும் அப்படித்தான்.

ஆனால் பிடிபட்ட வேட்டைக்காரர்களை அவர் அடித்து வதைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே கண்ணி வைத்தவர்களில் பெரும்பாலோர் கொரில்லாவுக்காக வைக்கவில்லை, சிறு மானுக்கும் காட்டெருமைக்கும் வைத்தார்கள். பசி அதில் உண்டு. 1991-ல் ப்விண்டி தேசியப் பூங்கா ஆனபோது, காலங்காலமாக அந்தக் காட்டில் வாழ்ந்த பட்வா மக்களை வெளியேற்றினார்கள். அவர்களில் பலர் இன்றும் சொந்த நிலமில்லாமல் அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்கிறார்கள். கொரில்லா பிழைத்ததற்கு அவர்கள் விலை கொடுத்திருக்கிறார்கள். உன் ஆய்வேட்டில் அதற்கு ஒரு அத்தியாயம் இருக்காது என்று தெரியும். உன் மனசில் இருக்கட்டும். நுழைவுக் கட்டணத்தில் நூற்றுக்குப் பத்து இப்போது ருவாண்டாவில் சுற்றியுள்ள கிராமங்களுக்குப் போகிறது என்று படித்தேன். இன்னும் கூடக் கொடுக்கலாம் என்பதுதான் என் எண்ணம்.

நீ சொல்கிற எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது, கொரில்லாக்களின் தடம் பார்த்துப் போகிற உள்ளூர் டிராக்கர்களைப் பற்றிச் சொல்வதுதான். விடியுமுன் கிளம்பி, முந்தின இரவு கொரில்லாக்கள் இலை மடக்கிப் போட்ட படுக்கைகளைத் தேடிப் பிடித்து, அதில் கிடக்கும் சாணத்தின் அளவைப் பார்த்தே பெரியது எத்தனை, சின்னது எத்தனை என்று சொல்லிவிடுகிறார்கள் என்றாயே. மூக்குக்கு மேல் இருக்கிற வரிகளைப் பார்த்து ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டுகிறார்கள் என்றாய். 1994 இனப்படுகொலையில் ருவாண்டா நாடே ரத்தத்தில் மிதந்தபோது வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் போய்விட்டார்கள். கரிசோக்கே முகாம் சூறையாடப்பட்டது. சொந்தக் குடும்பங்களையே தொலைத்துவிட்டு நின்ற உள்ளூர் ஊழியர்கள், முடிந்தபோதெல்லாம் மலைக்குத் திரும்பிப் போய்த் தங்கள் கூட்டங்களைத் தேடினார்கள். காங்கோ பக்கம், விருங்கா பூங்காவில், இதுவரை பணியிலேயே கொல்லப்பட்ட காவலர்கள் 200 பேருக்கு மேல். உலகத்துக்கு ஃபாஸியைத் தெரியும், ஷாலரைத் தெரியும். இவர்களை யாருக்குத் தெரியும்? அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். கட்டுரை வெளியாகும்போது, "களப்பணியாளர்களுக்கு நன்றி" என்று ஒற்றை வரியில் முடித்துவிடாதே. ஒவ்வொருவர் பெயரையும் முழுசாகப் போடு. ஆசிரியர்கள் வரிசையில் சேர்க்க முடியுமென்றால் உன் பேராசிரியரிடம் கேட்டுப் பார்.

தாயை இழந்த கொரில்லாக் குட்டிகள் என்ற உன் ஆராய்ச்சித் தலைப்பைப் பற்றி அப்பா சொந்தக்காரர்களிடம் பெருமையாகத்தான் சொல்கிறார், ஆனால் தப்பும் தவறுமாகச் சொல்கிறார். நான் அதைப் பற்றி வந்த 2021 ஆய்வைத் தேடிப் படித்தேன், அகராதியை வைத்துக்கொண்டு. ஐம்பது வருஷத்துக்கும் மேலான கரிசோக்கே குறிப்பேடுகளை எடுத்துப் பார்த்து, பால்குடி மறக்கிற வயதைத் தாண்டித் தாயை இழந்த குட்டிகள் மற்றக் குட்டிகளைப் போலவே பிழைக்கின்றன என்று கண்டிருக்கிறார்கள். கூட்டத்தில் இருக்கிறவர்கள் பக்கத்தில் வருகிறார்கள், அதிலும் தலைவனான வெள்ளிமுதுகு ஆண் முக்கியமாக. டைட்டஸ் என்ற ஆண் கொரில்லாவின் கதையும் அப்படித்தானே? நாலு வயதில் கூட்டம் சிதறி, தாய் வேறு கூட்டத்துக்குப் போய்விட, ஆண்களுக்கு நடுவிலேயே வளர்ந்து, பெரிய தலைவனாகி, 2009-ல் 35 வயதில்தான் போனான்.

எனக்கு ஏழு வயதில் அம்மா போனது உனக்குத் தெரியும். மாமா முரட்டு ஆள், சந்தையில் மாடு பிடித்து விற்கிறவர், யாரிடமும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேச மாட்டார். ஆனால் ராத்திரி நான் எழுந்து அழுதால் தன் கட்டில் பக்கம் என் பாயை இழுத்துப் போட்டுக்கொள்வார். காலையில் என் தலையைக் கோணல்மாணலாகப் பின்னிவிட்டுப் பள்ளிக்கூடம் அனுப்புவார். நர்ஸிங் சேர்த்துவிட்டதும் அவர்தான். இதை நீ ஆராய்ச்சி செய்கிறாய் என்று அவர் இருந்து கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ, பேசாமல் வெற்றிலை மடித்துக் கொடுத்திருப்பார். உன் வேலை என்ன பிரயோஜனம் என்று யாராவது கேட்டால் நீ பதில் தேடிக் கஷ்டப்பட வேண்டாம், என்னிடம் அனுப்பு.

இதோடு உன் தடுப்பூசி அட்டையின் நகல் வைத்திருக்கிறேன். ஒன்பதாம் மாதம் போட்ட தட்டம்மை ஊசியும் அதற்குப் பிறகு போட்டதும் அதில் இருக்கிறது, நான் கையெழுத்துப் போட்டதே இரண்டு இடத்தில் இருக்கும். கேட்டால் காட்டு. வருஷா வருஷம் போடுகிற ஃப்ளூ ஊசியைத் தள்ளிப்போடாதே. மிளகும் திப்பிலியும் சேர்த்து இடித்த பொடி பார்சலில் வருகிறது, வெந்நீரில் கலந்து குடி. மூக்கு காய்ந்து, இருமல் நின்று, அவர்கள் சரி என்று சொன்ன பிறகு மேலே போ, அதுவரை உட்கார்ந்து குறிப்புகளை எழுது.

உன்னோடு தினமும் மலையேறுகிற அந்த டிராக்கருக்குப் பிள்ளைகள் எத்தனை, எல்லாருக்கும் தடுப்பூசி போட்டாயிற்றா, வீட்டில் யாருக்காவது இருமல் நாள்பட இருக்கிறதா என்று நான் கேட்டதாகக் கேட்டு எழுது.

அன்புடன்,
அம்மா